கூழுக்கு மறுநாள்

வக்கீல் குமாஸ்தா என்றால் கோட்டுப் போடாத வக்கீல் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. பூந்தமல்லி முன்சீப் கோர்ட்டுக்கு எதிரே, வக்கீல் பரந்தாமனிடம் பன்னிரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். மனு எழுதுவதிலும் பழைய தேதிக்குக் கிழமை கண்டுபிடிப்பதிலும் இந்த ஜெயராமனை மிஞ்ச ஆளில்லை என்று மற்ற குமாஸ்தாக்களே சொல்வார்கள். அந்தப் பெருமை என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். கேட்க நன்றாக இருக்காது.

1969 ஜூன். கோடை விடுமுறை முடிந்து கோர்ட் திறந்த முதல் வாரம். அங்கம்மா கீரைக் கூடையோடு வந்து ஆபீஸ் படிக்குக் கீழேயே நின்றாள். வானகரத்தைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். அதற்கு மேற்கே நாலு பர்லாங்கு தள்ளிக் காலனி. அவள் காலனிக்காரி, நான் ஊர்க்காரன். காலையில் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடப்பதைப் பல வருஷமாகப் பார்த்திருக்கிறேன். பேசியதில்லை.

"சார், கெணத்த மூடப் போறாங்க சார். ரெண்டு லாரி கல்லு கொண்டாந்து கெணத்தாண்ட கொட்டிட்டாங்க. உன்னத் தவிர கோர்ட்டுல எனக்கு யாரத் தெரியும்?"

உள்ளே வரச் சொன்னேன். வந்தாள், ஆனால் பெஞ்சில் உட்காரவில்லை. வக்கீல் கேட்கக் கேட்க நின்றபடியே சொன்னாள்.

அவளுக்கு அரை ஏக்கர் நிலம் உண்டு. அவள் மாமனாருக்குச் சர்க்கார் பட்டா போட்டுக் கொடுத்தது. பட்டா இருந்ததே தவிர சொட்டுத் தண்ணீர் கிடையாது. வரப்புக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர் மணவாளனின் நிலம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மணவாளன் அங்கே கிணறு வெட்ட நினைத்தார். கீழே சுக்கான்பாறை. கூலிக்கு வந்தவர்கள் எல்லாம் பத்தடியில் கடப்பாறையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். அப்போது அங்கம்மாவின் புருஷன் வேம்புலியை வரப்பில் நிற்கவைத்து மணவாளன் ஒரு வார்த்தை சொன்னார்.

"'நீ வெட்டு வேம்புலி, கூலி கேக்காத. கெணறு என் நெலத்துல இருக்கட்டும், தண்ணியில உனுக்குப் பங்கு. செவ்வாயும் வெள்ளியும் உன்னுது. நான் பூட்டாலும் என் புள்ளிங்க மறிக்க மாட்டானுங்க'ன்னாரு சார். சொல்லிட்டு அவரே கடப்பாறைய வாங்கி மொத குத்து குத்தினாரு. மூணு மாசம் எங்கூட்டுக்காரு வெட்டிச்சி, நான் மண்ணு சொமந்தேன். முப்பது அடி. ஐப்பசி மழ வர்றதுக்குள்ள தண்ணி பாத்துட்டோம்."

"எழுத்து ஏதாவது இருக்கா?" என்றார் வக்கீல்.

"எழுத்து எங்க சார்? அவரு சொன்னாரு, இது வெட்டிச்சி."

வேம்புலி செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்தத் தண்ணீரில்தான் அவள் அரைக்கீரையும் முளைக்கீரையும் போட்டு, அம்பத்தூர் எஸ்டேட் வாசலில் விற்று, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பிழைத்தாள். பதினோரு வருஷமும் செவ்வாய், வெள்ளியில் மணவாளன் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது பட்டறை ஷெட் போட வந்த ஒருவருக்கு நிலத்தை விற்கப் பேசிவிட்டார். வாங்குகிறவருக்குக் கிணறு வேண்டாம், சமதரையாக வேண்டும்.

வக்கீல் பரந்தாமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேஸ் பிடித்துவிட்டது என்று அர்த்தம். "இருபது வருஷம் தண்ணி எடுத்திருந்தா அதுவே உரிமை ஆயிருக்கும். பதினொண்ணுதான் ஆகுது. ஆனா ஒருத்தன் வாக்கை நம்பி இன்னொருத்தன் நிரந்தரமா ஒரு வேலையைச் செஞ்சிட்டா, வாக்கு கொடுத்தவன் பின்வாங்க முடியாது. அதுக்குப் பத்திரம் வேணும்னு சட்டம் கேக்கல. வாய்வார்த்தையே போதும். ஆனா வழக்கு முடிய நாலஞ்சு வருஷம் ஆகும். அதுவரைக்கும் கிணறு கிணறா இருக்கணும் இல்லையா? அதுக்கு முதல்ல இடைக்காலத் தடை வாங்கணும். ஜட்ஜ் மூணு விஷயம் பார்ப்பார். உன் பேச்சுல மேலோட்டமாவாவது நியாயம் தெரியுதா, தடை கொடுக்காட்டி யாருக்குக் கஷ்டம் அதிகம், போனா திரும்பக் கிடைக்கிற பொருளா இது? கடைசி ரெண்டும் நம்ம பக்கம். முதலாவதுக்குத்தான் பலம் வேணும். வாக்கு கொடுத்த தேதி எது?"

அங்கம்மா என்னைப் பார்த்தாள்.

"இங்கிலீஷ் தேதி கேக்கறாரு," என்றேன்.

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும் சார்? ஆடி மாசம். கூழ் ஊத்துன மறுநாளு. காப்பு அவுத்த கையோட எங்கூட்டுக்காரரக் கூப்ட்டு அனுப்ச்சாரு."

தேதி இல்லாமல் வாய்மொழி ஒப்பந்தம் என்று கோர்ட்டில் நின்றால் சிரிப்பார்கள். நான் இருக்கும்போது தேதிக்கு என்ன பஞ்சம்? சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டி வக்கீலிடம் சொன்னேன்: "சார், 58-ம் வருஷமும் இந்த வருஷமும் கிழமை மாறாம அப்படியே பொருந்தும். எங்க ஊர்ல கூழ் ஆடி ரெண்டாம் ஞாயிறு. ஜூலை இருபத்தேழு. மறுநாள் திங்கள், இருபத்தெட்டு." வக்கீல், "கெட்டிக்காரன்யா நீ," என்றார். அங்கம்மாவும் என்னை ஏதோ பெரிய ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மனுவையும் பிரமாணப் பத்திரத்தையும் நானே தட்டச்சு செய்தேன். '1958 ஜூலை 28ஆம் தேதி காலை, மேற்படி வரப்பில் வைத்து, எதிர்மனுதாரர் வாக்களித்தார்.' தமிழில் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டேன். "நீ எழுதினா சரியாத்தான் சார் இருக்கும்," என்று சொல்லிக் கட்டை விரலை மையில் ஒற்றினாள்.

மறுநாளே இரண்டு வாரத்துக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. கோர்ட் அமீனா வந்து உத்தரவை மணவாளனிடம் சேர்த்துவிட்டு, ஒரு நகலைக் கிணற்றோரம் இருந்த அவர் மோட்டார் ரூம் கதவில் ஒட்டினார். அங்கம்மா வந்து எனக்கு ஒரு கட்டு அரைக்கீரை கொடுத்தாள். வாழ்க்கையில் நான் வாங்கிய மரியாதைகளில் அதை முதலில் வைத்திருந்தேன்.

மணவாளன் எனக்குப் பெரியப்பா முறை. டீக்கடையில் என்னைப் பார்த்ததும் கோபப்படவில்லை. பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

"இன்னா நைனா, எனக்கு எதிரா நீயே எழுதிக் குடுத்தியாமே? கெட்டிக்காரன்தான். உன் தங்கச்சிக்கு இடம் பாத்துகினு கீறியே, எதுவா இருந்தாலும் ஊரு நாலு பேரு வந்து நின்னாத்தான் பந்தல் நிக்கும். அத்த மறந்துடாத."

டீ அவர் கணக்கில் ஆனது. நானும் குடித்தேன்.

பதினைந்து நாள் கழித்து அவர் பதில் மனு வந்தது. தடை உத்தரவை விசாரணை முடியும்வரை நீட்டித்துவிட்டு, மனுவின் நகலை எங்களுக்குக் கொடுத்தார்கள். அதில் இப்படி இருந்தது: '1958 ஜூலை 28ஆம் தேதி நான் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அன்று காலை முதல் மாலை வரை காஞ்சிபுரம் சார்பதிவாளர் அலுவலகத்தில், என் மைத்துனரின் பாகப் பிரிவினைப் பத்திரத்துக்குச் சாட்சியாக இருந்தேன்.' பத்திரத்தின் நகலும் இணைத்திருந்தது. மணவாளனின் கோணல் கையெழுத்து, தேதி, முத்திரை எல்லாம் பளிச்சென்று இருந்தன.

எனக்கு ரத்தம் கொதித்தது. மணவாளன் மேல் அல்ல, அங்கம்மா மேல். சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே கீரைப் பாத்திக்குப் போனேன். வெள்ளிக்கிழமை. அவள் ஏற்றத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். சைக்கிளிலிருந்து இறங்காமலே கத்தினேன்.

"பொய் சொல்லி என் கழுத்த அறுத்துட்டியே அங்கம்மா!"

அவள் ஏற்றத்தை நிறுத்தினாள். "இன்னா சார் பொய்யி?"

"கூழ் ஊத்துன மறுநாள் மணவாளன் ஊர்லயே இல்ல. காஞ்சிபுரத்துல கையெழுத்துப் போட்டிருக்காரு. ஆதாரம் இருக்கு."

அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "எந்தக் கூழு சார்?"

"எந்தக் கூழா? நம்ம ஊர்க் கூழுதான். ரெண்டாம் ஞாயிறு."

"அது உங்க கூழு சார். எங்கள்து நாலாம் ஞாயிறு. உங்க கூழு முடிஞ்சி ரெண்டு வாரம் களிச்சிதானே எங்கள காப்புக் கட்ட உடுவாங்க? எங்க மாமனாரு காலத்துலேர்ந்து அப்டித்தானே நடந்துகினு கீது. உனுக்குத் தெரியாதா?"

தெரியாது. அந்தக் கிணற்றிலிருந்து என் வீட்டு ஓடு தெரிகிறது. பிறந்து முப்பத்தெட்டு வருஷம் அங்கேதான் கிடக்கிறேன். ஒவ்வொரு ஆடியிலும் மேற்கிலிருந்து பம்பைச் சத்தம் கேட்டிருக்கிறேன், இன்றைக்கு என்ன அங்கே சத்தம் என்று எரிச்சல்கூடப் பட்டிருக்கிறேன். என்றைக்கு என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்ததில்லை. கூழ் என்றால் நாங்கள் ஊற்றுகிற கூழ்தான் என்று காலண்டரில் விரலை வைத்த என்னைக் கெட்டிக்காரன் என்றார் வக்கீல். 1958 ஆகஸ்ட் 11, அதுதான் சரியான தேதி. மணவாளன் வாக்குக் கொடுத்திருந்தார். அதே மணவாளன் கோர்ட்டில் சத்தியம் செய்து கொடுத்த காகிதத்திலும் தேதி விஷயத்தில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. நான் கொடுத்த ஓட்டையில் அவர் நுழைந்து வெளியே போய்விட்டார்.

"தப்பா எழுதிட்டேன்," என்றேன். குரல் இறங்கிவிட்டது.

"மாத்தி எழுதிக்கலாம் இல்ல சார்?"

"மாத்திடலாம்."

"அப்ப சரி," என்று மறுபடி ஏற்றத்தில் கை வைத்தாள். அவளைப் பொய்க்காரி என்று கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நல்ல வேளை, காரணம் உண்மையா இருக்கு," என்றார். "நீ உன் பேர்ல ஒரு பிரமாணப் பத்திரம் போடு. அந்த ஊர்ல கூழ் ரெண்டு. ஊருக்கு ஒரு நாள், காலனிக்கு ஒரு நாள். நான் ஊர்க்காரன், எனக்குத் தெரிஞ்ச நாளை அவ நாள்னு போட்டுட்டேன், அவ சொன்னது சரி, பிழை என்னுதுன்னு எழுது. ஜட்ஜ் நம்புவார். இதை யாரும் உக்காந்து கற்பனை பண்ண முடியாது."

"ஒரு நாள் டைம் கொடுங்க சார்," என்றேன்.

அந்த ஒரு நாளில் நான் நினைத்ததையெல்லாம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தங்கை கல்யாணத்தை நினைத்தேன். டீக்கடை பெஞ்சை நினைத்தேன். ஊரைக் கோர்ட்டுக்கு இழுத்தவன் என்று பெயர் வருமே என்று பயந்தேன். இதற்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருந்தது. எங்கள் ஊரில் அம்மனுக்குக்கூட இரண்டு நாள், நாங்கள் முடித்த பிறகுதான் அவர்களுக்கு முறை என்று ஒரு காகிதத்தில் என் பெயரைப் போட்டு எழுத வெட்கமாக இருந்தது. வருஷா வருஷம் நடத்த வெட்கப்படவில்லை, எழுதத்தான் வெட்கம்.

மறுநாள் வக்கீலிடம், "தட்டச்சுப் பிழைன்னு போட்டுடலாம் சார்," என்றேன்.

அவர் கேஸ் கட்டை மூடினார். "உன் பிழை, நீதான் சொல்லணும். நான் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனா ஜட்ஜ் கேள்வி கேட்டா எங்கிட்ட பதில் இல்லை, ஞாபகம் வச்சிக்கோ," என்றார்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் வாதம் நடந்தது. எல்லாம் இங்கிலீஷில். அங்கம்மா கடைசி வரிசையில் சுவரோரம், புதிதாக வெளுத்த புடவையில் நின்றிருந்தாள். முன்சீப் எங்கள் முதல் மனுவையும், தட்டச்சுப் பிழை என்று தேதியைத் திருத்திப் போட்ட மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தட்டச்சில் ஒரு எண் மாறும், ஒப்புக்கொள்கிறேன். ஜூலை இருபத்தெட்டு ஆகஸ்ட் பதினொன்றாக மாறுவது எந்த மெஷினில்?" என்றார்.

கோர்ட்டே சிரித்தது. எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அங்கம்மாவும் லேசாகச் சிரித்தாள்.

முன்சீப் சிரிக்கவில்லை. "வேறு ஏதாவது காரணம் உண்டா?" என்று நிதானமாகக் கேட்டார். கேட்க விரும்பித்தான் கேட்டார், அது எனக்குத் தெரிந்தது. வக்கீல் பரந்தாமன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கேஸ் கட்டைக் கட்டியிருந்த நாடாவின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவிழ்த்து, மறுபடி கட்டினேன்.

"இல்லை," என்றார் வக்கீல்.

ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை உத்தரவு. எதிர்மனுவைப் பார்த்த பிறகு மனுதாரர் தன் வசதிக்குத் தேதியை மாற்றியிருக்கிறார், வாய்மொழி ஒப்பந்தம் நடந்ததாக மேலோட்டமாகக்கூட நம்ப இடமில்லை, இடைக்காலத் தடை ரத்து, மூல வழக்கு முறைப்படி நடக்கும். வழக்கு இருந்தது. கிணற்றுக்குத்தான் காவல் போய்விட்டது.

"தோத்துட்டமா சார்?" என்றாள் வராந்தாவில்.

"இன்னும் முடியல. செங்கல்பட்டு கோர்ட்டுல அப்பீல் போடலாம்," என்றேன்.

"செங்கல்பட்டுக்கா? எவ்ளோ நாளு ஆவும்?"

உத்தரவின் நகல் வாங்கவே பத்து நாள் ஆகும் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூழ், வீட்டில் வேலை கிடக்கிறது என்று அவளே கிளம்பிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை வக்கீல் உத்தரவின் நகல் கேட்கும் மனுவைக் கொடுத்து, அங்கம்மாவிடம் கைநாட்டு வாங்கிவரச் சொன்னார். காலனி வாசலில் வேப்பிலைத் தோரணம் இன்னும் வாடாமல் தொங்கியது. கிணற்றுப் பக்கம் லாரிச் சத்தம் கேட்டது. நான் போவதற்குள் பாதிக் கிணறு போய்விட்டிருந்தது. மணவாளனைக் காணோம், அவர் ஆட்கள்தான் நின்றிருந்தார்கள். மோட்டார் ரூம் கதவில் அமீனா ஒட்டிய உத்தரவு பாதி கிழிந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு லாரிக் கல் சரியும்போதும் கீழே தண்ணீர் அடித்து மேலே எழும்பும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தமும் குறைந்துகொண்டே வந்தது.

வரப்பு முழுக்கப் பாத்திரங்கள். குடம், அண்டா, தவலை, முந்தின நாள் கூழ் காய்ச்சிய பானைகூட. விடிந்ததிலிருந்து எடுத்த மட்டும் எடுத்து நிரப்பி வைத்திருந்தாள். அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கையில் மஞ்சள் காப்புக் கயிறு இன்னும் இருந்தது.

காகிதத்தை நீட்டினேன். மைப் பெட்டியைத் திறந்தேன். அவள் விரலை நீட்டவில்லை.

"ஒண்ணு கேக்கறேன் சார். எங்க கூழு வேற நாளுன்னு ஜட்ஜி கைல சொன்னீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். இங்கிலீஷில் என்ன பேசினோம் என்று அவளுக்குத் தெரியாது.

"சொல்லல," என்றேன்.

"ஏன் சார்?"

"மெஷின்ல தப்பா அடிச்சிட்டோம்னு சொன்னோம். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"அத்த சொல்றதுக்கு இன்னா சார்? ஊருக்கே தெரிஞ்சதுதானே."

இன்னொரு லாரி பின்னால் வந்து நின்றது. கல் சரிந்தது. இந்தத் தடவை தண்ணீர்ச் சத்தம் வரவில்லை, கல்லின்மேல் கல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அங்கம்மா எழுந்து நின்று அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு கட்டை விரலை மையில் ஒற்றி, நான் காட்டிய இடத்தில் அழுத்தினாள்.

"இன்னிக்கு இங்கிலீஷ்ல இன்னா தேதி சார்?"

"ஆகஸ்ட் பதினொண்ணு."

"அன்னிக்கி? எங்கூட்டுக்காரு கையில வாக்கு குடுத்த அன்னிக்கி?"

"அன்னிக்கும் ஆகஸ்ட் பதினொண்ணுதான். திங்கக்கிழமை."

"ஆகஸ்ட் பதினொண்ணு," என்றாள். வாய்க்குள்ளேயே மறுபடி சொல்லிப் பார்த்தாள். விரல் மையைப் புடவை ஓரத்தில் துடைத்துக்கொண்டு, காகிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"நீ போ சார். இனிமே யாராச்சும் கேட்டா நானே சொல்லிக்கிறேன்."